பெயர் ஆய்வகம், வேலை அலுவலகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசுப் பள்ளிகளில் அமைக்கப்பட்டுள்ள உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களால் ஏழைக் குழந்தைகளின் விஞ்ஞானக் கல்வியில் புதிய சகாப்தமே பிறந்துவிட்டது என்னும் தோரணையில் அடிக்கடி வெளிவரும் செய்திகளை நானும் படித்துவருகிறேன். 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கணினிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சாமானியமான காரியமன்று என்பதை மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், எந்த நோக்கத்தை உத்தேசித்து அந்த அறைகள் ஏற்பட்டனவோ, அந்த நோக்கத்துக்கு மாத்திரம் அங்கே நேரமில்லாமற் போய்க்கொண்டிருக்கும் விபரீதத்தைக் குறித்து என் ஆட்சேபணையைத் தெரிவிக்கவே இக்கடிதம் எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் வசிப்பவன் நான். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்கு 1977-ல் உலகிற்குக் கிடைத்த சான்றுகளில் ஒன்று இந்த மலையிலுள்ள காவலூர் வானாய்வு நிலையத்திலிருந்து சென்றது. 1986 முதல் இயங்கிவரும் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கியும் அங்கேதான் இருக்கிறது. இத்தகைய பெருமையுள்ள மலையில் பிறந்து வளரும் பழங்குடிக் குழந்தைகளில் எத்தனை பேர், வானத்தில் அந்தத் தொலைநோக்கி எதைத் தேடுகிறது என்று பள்ளியில் ஒரு நாளாவது கேட்டிருப்பார்கள் என்பது சந்தேகமே.

எனக்குப் பழக்கமான ஒரு பள்ளியில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஆய்வக அறையில் ஒரு கணினியைத் தவிர மற்றவற்றின்மேல் துணி போர்த்தியிருந்தது. காதில் மாட்டும் கருவிகள் பிளாஸ்டிக் உறை பிரியாமல் அலமாரியில் கிடந்தன. திறந்திருந்த அந்த ஒரு கணினியின் முன் விஞ்ஞான ஆசிரியை அமர்ந்து, பிள்ளைகளின் உயரம், எடை, வங்கிக் கணக்கு எண், வாங்கிய காலணியின் அளவு ஆகியவற்றை எமிஸ் என்னும் கல்வித் துறையின் இணையதளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் நடத்தவேண்டிய எட்டாம் வகுப்பு, வராந்தாவில் உட்கார்ந்து பாடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது. அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை; மாலைக்குள் பதிவை முடிக்காவிட்டால் விளக்கம் கேட்பார்கள், பாடம் நடத்தாவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்ற நிலையில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

பாடநூல்களின் கதியும் இதுவே. 2018-ல் வெளிவரத் தொடங்கிய புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகளை அச்சிட்டார்கள். கைப்பேசியில் காட்டினால் காணொளி விரியும். நல்ல யோசனைதான். ஆனால் வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி, கூலி வேலைக்கு வெளியூர் போயிருக்கும் தகப்பனாரிடம் இருக்கிறது. ஊரிலோ சிக்னல் வேண்டுமானால் பாறைமேல் ஏறவேண்டும். நான் புரட்டிப்பார்த்த ஒரு புத்தகத்தில், அந்தச் சதுரங்களிலிருந்த வெள்ளைக் கட்டங்களையெல்லாம் ஒரு மாணவன் நீலப் பேனாவால் பொறுமையாக நிரப்பி வைத்திருந்தான். அவனுக்கு அதனால் கிடைத்த பிரயோஜனம் அவ்வளவே.

இக்குழந்தைகளுக்கு விஞ்ஞானத்தில் நாட்டமில்லை என்று சொல்வோரின் அபிப்பிராயத்தை அனுபவம் ஆதரிக்கவில்லை. நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் பங்கேற்று உருவாக்கிய ஆசாதிசாட் என்ற எட்டுக் கிலோ செயற்கைக்கோளில், திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவியரின் கைவண்ணமும் இருந்தது. 2022 ஆகஸ்டில் ராக்கெட் சரியான சுற்றுப்பாதையை எட்டாமையால் அது வீணாயிற்று. 2023 பிப்ரவரியில் இரண்டாவது செயற்கைக்கோள் வெற்றிகரமாக நிலைநிறுத்தப்பட்டது. கருவியைக் கையில் கொடுத்து, செய்து பார் என்று சொன்னால், தோற்றாலும் மறுபடி முயலும் மனோதிடம் எந்தக் குழந்தைக்கும் வரும். திரையைக் காட்டி, பார்த்துக்கொண்டிரு என்று சொன்னால் கொட்டாவிதான் வரும்.

இதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. ஜெர்மனியின் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தார் இலவசமாக அளிக்கும் ஃபைஃபாக்ஸ் என்ற செயலி, சாதாரணக் கைப்பேசியையே அளவுகருவியாக மாற்றிவிடுகிறது. இரண்டு கைப்பேசிகளைச் சில மீட்டர் தள்ளி வைத்து, இரு பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகக் கைதட்டினால், அவ்விரண்டும் காட்டும் நேர வித்தியாசத்திலிருந்து ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம், சிக்னலே வேண்டியதில்லை. ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளோ, இன்றிரவு தங்கள் ஊர் வானத்தில் எந்த நட்சத்திரம் எங்கே உதிக்கும் என்பதை, இணையமில்லாத கணினியிலும் காட்டும். துணி போர்த்திய அந்தக் கணினிகளுக்கு இதற்குமேல் என்ன தகுதி வேண்டும்?

ஆகவே, கல்வித் துறையினரிடம் நான் வேண்டுவன மூன்று. பதிவேற்றும் வேலையை விஞ்ஞான ஆசிரியர்களின் தலையிலிருந்து இறக்கி, அதற்கென ஆளும் வேறு இடமும் ஏற்பாடு செய்யவேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் இரண்டு பாடவேளைகளேனும் ஆய்வகத்தில் பரிசோதனைக்கென்றே ஒதுக்கி, அதைக் கால அட்டவணையில் எழுதவேண்டும். மலைப் பள்ளிகளுக்கு வேண்டிய காணொளிகளையும் மென்பொருள்களையும் பள்ளிக் கணினியிலேயே முன்கூட்டி ஏற்றிக் கொடுக்கவேண்டும். எத்தனை ஆய்வகங்கள் திறந்தோம் என்ற கணக்கு போதும். இனி, அவற்றில் எத்தனை மணி நேரம் மாணவர்கள் தம் கையாலேயே பரிசோதனை செய்தார்கள் என்ற கணக்கை, ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் மாதந்தோறும் பெற்றோர் பார்க்கும்படி எழுதிவைக்க உத்தரவிடட்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
ஆலங்காயம்