பத்துக் கிலோ குழந்தைக்கு எவ்வளவு?

விழுப்புரம் மாவட்டத்தில் மயிலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் செந்தேளுக்கு ஒதுங்க இடம் நிறைய: விறகடுக்கு, கருங்கல் குவியல், கூரை ஓலை, களத்தில் காயும் மல்லாட்டைக் கொடி. கொட்டு வாங்கிய குழந்தையை ராத்திரியில் தோளில் போட்டுக்கொண்டு கூட்டேரிப்பட்டு வழியாகத் திண்டிவனத்துக்கோ, முண்டியம்பாக்கத்துக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ ஓடி வருகிறார்கள். வலி மட்டும் என்றால் கவலை குறைவு. உடல் நனைய வியர்த்து, எச்சில் ஒழுகி, கைகால் சில்லிட்டு வரும் குழந்தைக்கு உடனே பிரசோசின் தர வேண்டும். கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்று எல்லோருக்கும் மனப்பாடம். பத்துக் கிலோ குழந்தைக்கு 300 மைக்ரோகிராம். கையில் இருப்பது 1 மி.கி. மாத்திரை.

பணியில் இருக்கும் மருத்துவர் மாத்திரையைப் பொடித்து 10 மி.லி. நீரில் கலக்கி, அதில் 3 மி.லி.யைச் சிரிஞ்சில் இழுத்துக் குழந்தையின் வாயில் விடுகிறார். பிரசோசின் நீரில் நன்றாகக் கரைவதில்லை. பொடி அடியில் தங்கிவிடுகிறது. குலுக்கிய கையோடு இழுத்தால் ஓர் அளவு. தாயிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு இழுத்தால் வேறோர் அளவு. அலமாரியில் 2.5 மி.கி. நீடித்து வெளியாகும் வகை மட்டும் இருந்தால் அதை உடைக்கவே கூடாது. கொடுத்த சற்று நேரத்தில் குழந்தை வாந்தி எடுத்தால் எவ்வளவு உள்ளே நின்றது, மறுபடி கொடுக்கலாமா? நஞ்சின் வேகத்தில் ரத்த ஓட்டம் சுருங்கிப்போன குடல், நலமாக இருக்கும் பெரியவரின் குடலைப் போலவே மருந்தை உறிஞ்சுமா? கூடுதலாகப் போய்விட்டால் ரத்த அழுத்தம் சரியும். குறைந்துபோனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நடுராத்திரியில் ஒரு பயிற்சி மருத்துவர் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்.

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் திறமையை நாம் யாருக்கும் முறையாகக் கற்றுக்கொடுப்பதில்லை என்பதே இந்த இதழில் நான் சொல்ல வந்தது. குழந்தை மருத்துவத்தில் எம்.டி. படிப்பவர் நோயாளியின் அருகில் இருக்கிறார். மருந்தின் ரத்த அளவை எப்படி அளப்பது, அந்த எண்களிலிருந்து டோஸை எப்படி வகுப்பது என்பது அவருக்குத் தெரியாது. மருந்தியலில் எம்.டி.யும் அதன் மேல் டி.எம்.மும் முடித்தவருக்கு அளக்கத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குச் சில்லிட்ட குழந்தையின் காலைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு அரிது. ஒரே கல்லூரியில் இரண்டு துறைகளும் வேறு வேறு மாடிகளில் இயங்குகின்றன. பெரும்பாலான பட்டமேற்படிப்பு ஆய்வேடுகள் இந்த இடைவெளியை எட்டிக்கூடப் பார்க்காமல் முடிந்துவிடுகின்றன.

இது முடியாத காரியம் அல்ல. மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதியில் 1976இல் பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிக்குச் சேர்ந்தவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். கண்ணெதிரே தேள்கடியில் மடிந்த நோயாளிகளின் அறிகுறிகளைப் பதிந்து 1982இல் லான்செட்டில் எழுதினார். 1986இல் அதே இதழில் பிரசோசினைப் பற்றி எழுதினார். 2011இல் பிஎம்ஜேயில் வந்த அவரது ஆய்வில் 70 நோயாளிகள். பிரசோசினுடன் எதிர்நஞ்சும் பெற்றவர்களில் 91.4 விழுக்காட்டினர் 10 மணி நேரத்துக்குள் தேறினார்கள்; பிரசோசின் மட்டும் பெற்றவர்களில் 22.9 விழுக்காட்டினர். பெரிய நிறுவனத்தின் பின்பலம் இல்லாமல் அதே கொங்கணில் மகாட் என்ற ஊரில் இருந்துகொண்டு செய்த வேலை இது. ஆனால் இந்த ஆய்வு அளந்தது நோயாளி தேறியதை. ரத்தத்தில் மருந்து எவ்வளவு ஏறியது என்பதை அல்ல. அதற்குப் பக்கத்தில் ஓர் ஆய்வகம் வேண்டும்.

ஆய்வகமும் வார்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், ஐசோநியசிடை உடல் எவ்வளவு வேகமாகச் சிதைக்கிறது என்பதை ஆரம்பக் காலத்திலிருந்தே ஆராய்ந்துவந்தது. குழந்தை மருத்துவரான சௌமியா சுவாமிநாதன் 1992இல் அங்கே சேர்ந்தார். அவரும் மருந்தளவு ஆய்வகத்தின் கீதா ராமச்சந்திரனும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தையின் வயது, ஊட்டநிலை, ஐசோநியசிடைச் சிதைக்கும் மரபுத்தன்மை ஆகிய மூன்றும் ரத்தத்தில் காசநோய் மருந்துகளின் அளவை மாற்றுகின்றன என்று காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் குழந்தைகளுக்கான ஐசோநியசிடை கிலோவுக்கு 5 மி.கி.யிலிருந்து 10 ஆகவும், ரிஃபாம்பிசினை 10இலிருந்து 15 ஆகவும் உயர்த்தியிருந்தது. பெரியவரின் டோஸை எடையால் வகுத்துக் கொடுத்தால் சின்னக் குழந்தைக்கு மருந்து போதாமல் போகும் என்பதை உலகம் இப்படிப்பட்ட அளவீடுகளால்தான் ஒப்புக்கொண்டது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சிறு குழந்தையின் கல்லீரல் பெரியவருடையதைவிட வேகமாக மருந்தை வெளியேற்றுகிறது. பச்சிளங்குழந்தையிடம் கதை நேர்மாறு: 1959இல் குளோராம்பெனிக்கால் சாம்பல் நிறக் குழந்தைகளின் சாவாக அதைக் காட்டியது.

எவ்வளவு என்பதோடு, அந்த மருந்து தேவையா என்பதும் நம் கேள்விதான். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் கோல்ட்ரிஃப் சிரப்பால் குழந்தைகள் இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததைத் தமிழ்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே கண்டது. கலப்படத்தைத் தடுப்பது வேறு துறையின் கடமை. ஆனால் அதில் இருந்த குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கூட்டை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்ற உத்தரவு 2023 டிசம்பரிலேயே வந்துவிட்டது. சளிக்கு அந்தக் கூட்டு எதற்கு என்று கேட்க வேண்டியவர்கள் நாம்.

பயிற்சியை எங்கே தொடங்குவது? அமெரிக்காவில் இதற்கெனத் தனிப் பயிற்சி நிதி உண்டு. ஐரோப்பாவில் 2007 முதல் புதிய மருந்துக்குக் குழந்தைகளிடம் ஆய்வுத் திட்டம் கட்டாயம். அவற்றை எதிர்பார்த்துக் காத்திருக்காமல் நாம் விழுப்புரத்திலேயே தொடங்கலாம். முண்டியம்பாக்கத்தில் 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கே குழந்தை மருத்துவத்துக்கும் மருந்தியலுக்கும் ஒரே மாணவர் ஒரே ஆய்வேட்டில் இரு வழிகாட்டிகளோடு உழைக்கட்டும். மருந்தளவை அளக்கும் கருவிகளுக்கும் அனுபவத்துக்கும் ஜிப்மர் பக்கத்தில் இருக்கிறது.

குழந்தையிடமிருந்து நிறைய ரத்தம் எடுக்கத் தேவையில்லை. பத்துக் கிலோ குழந்தையின் உடலில் ஏறத்தாழ 800 மி.லி. ரத்தம். ஒரே வேளையில் அதில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய வழிகாட்டு நெறி. அதாவது 8 மி.லி. ஒரு குழந்தையிடம் இரண்டு மூன்று முறை அரை மி.லி. எடுத்தால் போதும், நாற்பது ஐம்பது குழந்தைகளின் புள்ளிகளை ஒன்றாக வைத்துக் கணக்கிடும் முறை இன்று கைவசம் இருக்கிறது. மாணவர் கற்க வேண்டியது அந்தக் கணக்கு மட்டுமல்ல. ரத்தம் எடுத்த நேரத்தைச் சரியாக எழுதுவது, வந்ததும் குழந்தையை எடை போடுவது, பதறிப்போய் நிற்கும் தாயிடம் அவசரப்படுத்தாமல் ஒப்புதல் கேட்பது, ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் அதன் சம்மதத்தையும் பெறுவது ஆகியவையும் பயிற்சிதான். இவற்றைச் சொல்லித்தரும் ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு நாளாவது புறநோயாளிப் பிரிவிலிருந்து விடுப்பு வேண்டும். அந்த ஒரு நாளைத் துறைத் தலைவர் எழுத்தில் உறுதி செய்யாவிட்டால் மீதி எதுவும் நடக்காது.

அடுத்த இதழிலிருந்து இத்தகைய இரு துறை ஆய்வுத் திட்டங்களுக்கென நான்கு பக்கங்களை ஒதுக்குகிறோம். திட்டம் இன்னும் தயாராகாதவர்கள் முதலில் இவ்வளவு மட்டும் எழுதி அனுப்புங்கள்: உங்கள் வார்டில் குழந்தைகளுக்காக உடைக்கும் மாத்திரைகள் எவை, எதில் கலக்குகிறீர்கள், எவ்வளவு நேரம் வைத்திருந்து கொடுக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் அதிகமாக வருகிற மருந்தையே முதலில் அளக்க எடுத்துக்கொள்வோம்.