தீவுக்குத் தீவு ஒரு வீதி

தலவிலக் கடற்கரையில் நின்றால் மேற்கே பெருங்கடல். கிழக்கே சென்றால் புத்தளம் களப்பு. இரண்டுக்கும் நடுவே ஓடும் கற்பிட்டி வீதியில் துவிச்சக்கர வண்டி ஓட்டிப் பழகிய மாணவன் ஒருவன் சென்ற வாரம் நம்மிடம் ஒரு படத்தைக் காட்டினான். யப்பான் நாட்டு ஷிமனாமி கைடோ என்னும் பாதை. ஒனோமிச்சியிலிருந்து இமபாரி வரை ஏறத்தாழ 70 கிலோமீற்றர்; இடையே ஆறு தீவுகள். 1999இல் பாலங்களால் முழுதும் தொடுக்கப்பட்டது. வண்டியோட்டிகள் வழி தவறாதிருக்க வீதியோரத்தில் நீலக்கோடும் இட்டிருக்கிறார்கள். “நம் நாட்டில் இப்படியொன்று இல்லையே, ஐயா!” என்றான்.

இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பண்ணையில் தொடங்கி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு ஊடாகக் குறிகட்டுவான் துறையில் முடியும் வீதியே அது. ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வானளாவிய பாலங்கள் அங்கில்லை. கடல் ஆழமற்றதாகையால் கல்லும் மண்ணும் இட்டு உயர்த்தி, நீரோடுவதற்கு இடையிடையே வழி விட்டிருக்கிறார்கள். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடைப்பட்ட தாம்போதியை ஊரார் வாணர் பாலம் என்பர். மேடு கிடையாது, நிழலும் கிடையாது. ஆனி, ஆடியில் தென்மேல் காற்று நெஞ்சில் அறையும். நாம் வண்டியை உருட்டிக்கொண்டு நடந்த இடங்களும் உண்டு. (வயதைக் காரணங்காட்ட மாட்டோம்.) திரும்புகையில் அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்தது.

தாம்போதி எழுமுன்னர் நோயாளியையும் வள்ளத்திலேற்றியே கரை சேர்க்க வேண்டியிருந்தது. இன்று வீதி இருக்கிறது; ஆட்களைத்தான் காணோம். 1990இலும் 1991இலும் போர் தீவகத்தை எட்டியபோது மக்கள் பெருந்தொகையாய் வெளியேறினர். மீண்டவர் சிலரே. புங்குடுதீவின் உள்ளொழுங்கைகளில் கூரையிழந்த கல்வீடுகளை இன்றும் காணலாம். வண்டியில் வருவோர் பெரும்பாலும் அப்பக்கம் திரும்புவதில்லை. நயினாதீவுப் படகைப் பிடிக்கும் அவசரம்.

நாம் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுக்குச் சென்றோம். மூதாட்டி ஒருவர் செம்பில் கொண்டுவந்து தந்தார். பேரப்பிள்ளைகள் கனடாவிலாம். “பாலத்தாலை வாறவை எல்லாரும் அம்மனிட்டைத்தான் போகினம், தம்பி. இஞ்சை ஆர் வருகினம்?” என்றார்.

மாணவனிடம் இதையெல்லாம் சொன்னோம். வருகிற விடுமுறைக்குப் போகலாமா என்று கேட்டான். புங்குடுதீவில் ஓரிரவு தங்குவதானால் வருகிறோம் என்றோம்.