பொன்னாடை மட்டும் போதுமா?



ஆசிரியர்களான நாங்கள் செய்த ஒரு பிழையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்களிடம் படித்த பிள்ளை ஒருவர், கல்லடி சுவாமி விபுலானந்தா அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் நான்கு வருடம் பரதம் படித்துப் பட்டம் பெற்றவர். பரிசளிப்பு விழாவுக்கு வரவேற்பு நடனம் பழக்கித் தரும்படி அவரைக் கேட்டோம். இரண்டு கிழமை, பின்னேரங்களில் இரண்டு பஸ் மாறி வந்து பழக்கினார். விழாவன்று மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம், கைதட்டினோம். பஸ் காசுகூடக் கொடுக்கவில்லை.

அதே விழாவில் பந்தல்காரருக்கும் சவுண்ட்காரருக்கும் காசு கொடுத்தோம். வீடியோக்காரர் முற்பணம் வாங்கிக்கொண்டுதான் கமராவைத் தூக்கினார். நடனம் பழக்கியவருக்கு மட்டும் "நம்மட பிள்ளைதானே" என்று சொல்லிவிட்டோம்.

பிறகு ஒருநாள் அவரின் அம்மாவைச் சந்தையில் கண்டோம். "எப்ப டீச்சர் இவளுக்கு நியமனம் வரும்?" என்று கேட்டார். "வரும், பொறுமையா இருங்க" என்றோம். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. அந்தப் பிள்ளைக்கு வேலை இருந்தது. வேலை வாங்கியதும் நாங்கள்தான், கூலி கொடுக்காததும் நாங்கள்தான்.

கல்லடியிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நடனம் படித்துப் பிள்ளைகள் பட்டதாரிகளாக வெளியேறுகிறார்கள். அத்தனை பேருக்கும் பாடசாலைகளில் வெற்றிடம் இருக்காது. ஆசிரிய நியமனம் கிடைத்தால் நல்லது. ஆனால் அதுவரை வீட்டில் இருந்தால் உடம்பு இறுகிவிடும். நடனம் சான்றிதழ்க் கோவையில் கிடந்து பழுதாகாமல் இருக்கும் படிப்பல்ல.

நடனத்தைத் தொழிலாகச் செய்தவர்கள் இந்த நாட்டில் இல்லாமலில்லை. சித்ரசேனவும் வஜிராவும் தங்கள் குழுவோடு நாடு நாடாகச் சென்று ஆடினார்கள், வகுப்பு நடத்தினார்கள். 1940களில் தொடங்கிய அந்தக் குழு இன்று பேரப்பிள்ளைகளின் காலத்திலும் ஆடுகிறது. வஜிராவுக்கு 2020இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்களும் கட்டணம் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர்களும் இல்லாமல் அது நடந்திருக்குமா?

முஸ்லிம்களான நாமும் நம்மைப் பார்க்க வேண்டும். அமைச்சர் வந்தால் பொல்லடிக் குழு வேண்டும். வெயிலில் ஒரு மணித்தியாலம் அடிக்க வைத்துவிட்டு, அண்ணாவியாருக்கு ஒரு சாரனும் பிள்ளைகளுக்குச் சோற்றுப் பார்சலும் கொடுத்து அனுப்புகிறோம். பிறகு "பொல்லடி அழியுது" என்று கவலைப்படுகிறோம்.

ஆட்டம் கூடுமா, கூடாதா என்று சிலர் கேட்பீர்கள். அதை உலமாக்களிடம் விடுகிறோம். ஆனால் கூப்பிட்டு வேலை வாங்கிவிட்டு வெறுங்கையோடு அனுப்புவது கூடுமா? வியர்வை காயும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

விழா நடத்தும் பாடசாலைகள், கழகங்கள், சங்கங்களிடம் கேட்பது பெரிய விசயம் அல்ல. வரவுசெலவுத் திட்டம் போடும்போது பந்தலுக்குப் பக்கத்தில் கலைஞருக்கும் ஒரு வரி எழுதுங்கள். தொகையை முன்கூட்டியே பேசி, வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் போடுங்கள். பாதியை முற்பணமாகக் கொடுங்கள். ஒரு நடனத்துக்குப் பின்னால் உடுப்பு, ஒப்பனை, பாடுபவர், மிருதங்கக்காரர் என்று எத்தனை செலவு இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பட்டம் முடித்த பிள்ளைகளுக்கும் ஒரு சொல். காசு பேச வெட்கப்படாதீர்கள். நீங்கள் இன்று சும்மா ஆடினால், நாளை உங்களுக்குப் பின்னால் வருபவரும் சும்மாதான் ஆட வேண்டி வரும். உதவி செய்ய விரும்பினால் செய்யுங்கள், ஆனால் இது இவ்வளவு பெறுமதியான வேலை என்பதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சிறியதாக ஒரு வகுப்புத் தொடங்குங்கள். உங்கள் நடனத்தை ஒழுங்காக வீடியோ எடுத்து வையுங்கள். பாசிக்குடா ஹோட்டல்களிலும் கேட்டுப் பாருங்கள். நியமன விண்ணப்பம் ஒரு பக்கம் இருக்கட்டும், பயிற்சியை ஒரு நாளும் விடாதீர்கள்.

போன கிழமை ஆசிரியர்கள் நாங்கள் கைக்காசு சேர்த்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். "ஐயோ, வேணாம் டீச்சர்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. தன் உழைப்பின் காசை வாங்கவே ஒரு பட்டதாரி கூச்சப்படுகிறார் என்றால், அதைப் பழக்கியவர்கள் நாம்தான்.

உங்கள் ஊர் விழாக்களில் எப்படி? உண்மையைச் சொல்லுங்கள்.