வட்டம் அரைவட்டமாகும்போது: நீலகிரிப் பழங்குடி ஆடல்களும் ஆய்வுத்தரவும்

சிலப்பதிகாரம் இருவேறு ஆடற்களங்களைக் காட்டுகிறது. அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் அரங்கு ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையது. மூவகை எழினியும் அதற்கு உண்டு. குன்றக்குரவையில் இத்தகைய அளவு எதுவும் பேசப்படவில்லை. வேங்கை நிழலில் நின்ற கண்ணகி விண்ணேகியதைக் கண்ட குறவர் அவளைத் தம் தெய்வமாகக் கொண்டு ஆடுகின்றனர். ஆடுவதற்குரிய காரணம் அங்கு நிகழ்ந்துவிட்டது, காண்போர் தேவைப்படவில்லை. இளங்கோவடிகள் தெளிவாகப் பிரித்துக் காட்டிய இவ்விரண்டையும் இன்றைய நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகள் பல ஒன்றாகவே கொள்கின்றன. விழா மேடையில் பதிவு செய்யப்பெற்ற பத்து நிமிட ஆடல், அடிக்குறிப்பு ஏதுமின்றிக் ‘களத்தரவு’ என்னும் பெயரைப் பெற்றுவிடுகிறது.

மலைவாழ் மக்களின் ஆடல்கள் மேடைக்கு வந்தது புதிய செய்தியன்று. குடியரசு நாளையொட்டித் தில்லியில் நாட்டார் நடன விழா 1953இல் தொடங்கியது. தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் 1986இல் நிறுவப்பெற்றது. உதகையின் கோடைவிழா மேடையும் உண்டு. இவற்றைக் குறை கூறுவதற்கில்லை. மேடையிலிருந்து எது தரவாகக் கொள்ளப்படுகிறது என்பதே இங்கு எழும் வினா.

தோடர் ஆடலை எடுத்துக்கொள்ளலாம். ஆடவர் வட்டமாகக் கைகோத்து, மெல்ல அடிபெயர்த்து, பாடலின் சொற்களை அவ்வடிவைப்புக்கு இயைய உரத்து ஒலிப்பர். பார்வைக்கு இது மிக எளிய ஆடல். சுற்றுலாப் பயணிக்குச் சற்றே சலிப்பூட்டவும் கூடும். இவ்வாடலின் வளம் காலில் இல்லை, சொல்லில் இருக்கிறது. 1930களில் நீலகிரியில் களப்பணி செய்த எம். பி. எமனோ, 1971இல் வெளியிட்ட தோடர் பாடல் தொகுப்பில் இதனை விரிவாக நிறுவினார். பாடலின் அலகு பெரும்பாலும் மூன்று அசைகளால் ஆனது. ஒரு தொடர் வந்தால் அதற்கு இணையான மற்றொரு தொடர் வந்தே தீர வேண்டும். ஆள், எருமை, மந்து, கோயில் எனக் குறிப்பிட்ட பெயர்களுக்கு உரிய மரபுத்தொடர் இணைகளைப் புலவன் முன்பே அறிந்திருப்பான். அவற்றைக் கொண்டு அன்றைய நிகழ்வுக்கு, அன்று போற்றப்படும் மனிதருக்கு, அன்றே பாடல் கட்டுவான். இறந்தவருக்கான பாடலில் அவருடைய வாழ்வே பொருளாகும்.

மேடையில் போற்றப்படும் மனிதர் இல்லை. அடையாளம் காணத்தக்க நிகழ்வும் இல்லை. முன்பே கட்டிய பாடலைக் கொண்டுவருவதுதான் அங்கு இயலும். கேட்போருக்கு மொழி தெரியாது என்பதால் அதனைச் சுருக்குவதிலும் தடையில்லை. ஒருவரையொருவர் நோக்கி நின்ற வட்டம், காண்போருக்கு முதுகு காட்டக் கூடாது என்னும் அரங்க விதியால் அரைவட்டமாகிறது. இத்தகைய பதிவிலிருந்து தோடர் பாடல் குறுகியது, திரும்பத் திரும்ப வரும் அடிகளால் ஆனது என்று ஓர் ஆய்வாளர் முடிவு செய்தால், அவர் விவரிப்பது மேடையின் கால அளவையே. தோடா, கோத்தா ஆகியவை தென்திராவிட மொழிகள். அவற்றின் வாய்மொழி யாப்பு பற்றிய பிழையான முடிவு தமிழ் யாப்பின் தொன்மையை ஒப்பிட முனைவோரையும் வழிதவறச் செய்யும்.

கோத்தரிடம் சிக்கல் வேறுவகையானது. ஏழு ஊர்களில் வாழும் இம்மக்கள் ‘கொள்’ எனும் ஊதுகருவியும் பறையும் முழவும் கொண்டு, தோடர், படகர் இழவுச் சடங்குகளில் இசைத்துவந்தனர். இருபதாம் நூற்றாண்டில் அவ்வழக்கம் படிப்படியாக நின்றது. பிறர்க்கு இசைப்பது தாழ்வின் அடையாளம் என்னும் உணர்வு அதற்கான காரணங்களுள் ஒன்று. அவர்தம் சொந்தத் தெய்வ விழாவின் இசையும் ஆடலும் தொடர்ந்தன. அவ்விழாவில் எந்த நாளில், எவ்விடத்தில், ஆடவர் ஆடுவது எப்போது, மகளிர் ஆடுவது எப்போது என்னும் வரிசையே பொருள் தருவது என்பதை ரிச்சர்டு வுல்ஃப் 2005இல் வெளியிட்ட நூல் விளக்குகிறது. மேடையில் அவ்வரிசை மறைகிறது. பிறர்க்கு இசைப்பதை ஒருமுறை மறுத்த சமூகம் இன்று மேடைக்கு எந்த நிபந்தனையில் இசைவு தருகிறது? எவ்வாடலைத் தருகிறது, எதனைத் தர மறுக்கிறது? இவ்வினாக்களை எழுப்பாத ஆய்வு, மேடையில் கண்டதையே முழுமை எனக் கொள்ளும்.

இவ்வாறு கூறுவது தூய்மைவாதம் ஆகாது. மேடை ஆடுவோருக்கு ஊதியம் தருகிறது. தம் பெயரால் அறியப்படும் வாய்ப்பையும் தருகிறது. இவற்றை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது, பல்கலைக்கழகத் துறைகளுடையதன்று. மேடை வடிவமும் தனக்கென இலக்கணம் உடைய ஒரு வடிவமே. வேத்தியல், பொதுவியல் என அவையை நோக்கிக் கூத்தைப் பகுத்த மரபில் வந்தோருக்கு இதனைத் தனிவகையாக ஏற்பதில் இடர்ப்பாடு இருக்க வேண்டியதில்லை.

ஆகவே மேடைப்பதிவைப் பயன்படுத்தும் ஆய்வேடு அதனை மேடைப்பதிவு என்றே குறிக்க வேண்டும். அழைத்தவர் யார், ஒதுக்கிய நேரம் எவ்வளவு, ஊரில் இவ்வாடல் எத்தருணத்துக்கு உரியது என்பவை உடன்வர வேண்டும். அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் சொன்ன விளக்கம் ஆடலின் ‘பொருள்’ ஆகிவிடும் வேடிக்கையும் அப்போதுதான் நிற்கும். பாடலின் எப்பகுதி விடப்பட்டது, விடுமாறு சொன்னவர் யார் என்பதை ஆடியவர்களிடமே கேட்டு எழுதலாம். மேடையிலிருந்து இறங்கியதும் அவர்கள் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமே அதற்குப் போதும்.