மண் அட்டையில் இல்லாத கேள்வி

2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் மோடி தொடங்கிவைத்த மண்வள அட்டை 12 விவரங்களைச் சொல்லும். உப்பின் அளவு, தழைச்சத்து, மணிச்சத்து எல்லாம் உண்டு. அந்த மண் யார் கையில் இருக்கிறது என்பது அந்த 12-இல் இல்லை.

மழை குறைந்த நிலத்தில் நீர் ஆவியாகி உப்பு மேலே தங்கும். சரிசெய்ய வடிகால் வேண்டும், களர் என்றால் ஜிப்சம் வேண்டும். அதற்குப் பணமும் பட்டாவும் வேண்டும். கூலிக்கு நடவு நடுகிறவளிடம் இரண்டும் கிடையாது.

எல்லா உவரும் இயற்கையும் அல்ல. தொண்ணூறுகளில் நாகைக் கடலோர நெல்வயல்கள் இறால் பண்ணைகளாயின. உப்புநீர் பக்கத்து வயலிலும் கிணற்றிலும் இறங்கியது. நிலத்தை விற்றவருக்குப் பணமாவது கிடைத்தது. நிலமே இல்லாத சேரி மக்களுக்கு வேலையும் போனது, குடிநீரும் போனது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துப் பண்ணைகளை இடிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம் (1996 டிசம்பர் 11). 2005-இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டு, அந்தத் தடையை 1991 முதலே முன்தேதியிட்டு விலக்கியது. முதலாளிக்காக என்றால் காலத்தையே பின்னுக்கு நகர்த்துவார்கள்!

தரிசையாவது விட்டார்களா? 1892 பஞ்சமி நில ஆணை சென்னை மாகாணத்துக்கானது. புதுக்கடை அன்று திருவிதாங்கூர். இங்கே அதுவும் இல்லை. அங்கே கொடுத்த சுமார் 12 லட்சம் ஏக்கரில் பெரும்பகுதியைப் பிடுங்கிக்கொண்டார்கள். திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994-இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள்.

இயற்கை விவசாயத் தோழர்களே, மண்புழு பற்றிப் பேசுங்கள். பஞ்சமி நில மீட்புக் கூட்டத்துக்கும் வாருங்கள். அடுத்த மண் பரிசோதனை முகாமில், பட்டா இல்லாமல் உழுகிறவருக்கு அட்டை உண்டா என்று கேளுங்கள்.