'கசின்' என்னும் ஒற்றைச் சொல்

தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் எதிர்ப்படும் ஒத்த வயது உறவினரையெல்லாம் நம் பிள்ளைகள் 'கசின்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றனர். உறவுப்பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்விப்பதால் இது தீராது. விதியைக் கற்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து. பாட்டனார் இருவர் அண்ணன் தம்பி எனில், அவர்களுடைய மகன்மாரும் அண்ணன் தம்பி முறையே. அம்மகன்மாரின் பிள்ளைகளும் அப்படியே. ஒருவருடைய மகனின் பிள்ளையும் மற்றவருடைய மகளின் பிள்ளையுமோ மாமன் மக்கள், அத்தை மக்கள் ஆவர். எத்தனை தலைமுறை விலகினும் இவ்விதி மாறாது. ஆங்கிலம் தொலைவை எண்ணும், முறையைச் சொல்லாது. தமிழரின் இம்முறை அமெரிக்கப் பழங்குடியினரான செனக்கா மக்களின் முறையை ஒத்திருப்பதை லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். (நம் பிள்ளைகளுக்கு அது ஒரு சுமை!)

பெற்றோர்களே, அடுத்த திருமண வீட்டில் "இவர் உனக்கு என்ன முறை?" என்று கேளுங்கள். விடையை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.