கண்ணை மூடிட்டுக் கேளுங்க பாஸ்!

போன லீவில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் 4,000 ரூபாய்க்கு ஒரு ஸ்பீக்கர் கேபிள் வாங்கினேன். ஹாஸ்டல் ரூமில் மாட்டியதும் இளையராஜா பாட்டில் ஒவ்வொரு வயலினும் தனித்தனியாகக் கேட்டது. சத்தியமா கேட்டது! ரூம்மேட் நம்பவில்லை. "ப்ளைண்ட் டெஸ்ட் வெச்சுக்கலாமா மச்சி?" என்றான்.

எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கிய 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் ஒன்று, என் கேபிள் ஒன்று. நாங்கள் வெளியே நிற்போம். இன்னொரு நண்பன் காசைச் சுண்டிப் பார்த்து ஏதோ ஒன்றை மாட்டி, போர்வையால் மூடிவிட்டுப் போய்விடுவான். அப்புறம் நான் உள்ளே போய்க் கேட்டுச் சொல்லணும். வால்யூமை யாரும் தொடக்கூடாது. மொத்தம் 16 தடவை. 12 சரியென்றால் நான் ஜெயித்தேன். சும்மா குத்துமதிப்பாகச் சொன்னால் 12 அல்லது அதற்கு மேல் வர வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு.

நான் எடுத்தது 9.

அன்று ராத்திரிதான் கணக்குப் போட்டேன். 3 மீட்டர் தூரம், போக வர 6 மீட்டர். 2.5 ஸ்கொயர் செம்பு வயரில் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.04 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் குறையும் சத்தம் 0.05 டெசிபெல் கூட இல்லை. முதல் வருஷத்தில் படித்த பாடம்தான். கடையில் நிற்கும்போது ஞாபகம் வரலை!

அப்போ எல்லா வயரும் ஒண்ணுதானா? இல்லை. அதே ஸ்பீக்கருக்கு 0.5 ஸ்கொயர் வயரை 15 மீட்டர் இழுத்தால் ரெசிஸ்டன்ஸ் 1 ஓமைத் தொடும். சுமார் 1 டெசிபெல் போய்விடும். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஃப்ரீக்வன்ஸிக்கு ஃப்ரீக்வன்ஸி மாறுவதால் டோனும் மாறும். அது காதுக்குத் தெரியும். ஆனால் அதற்கு மருந்து தடிமனான சாதாரணச் செம்பு வயர், வெள்ளிப் பூச்சு இல்லை.

2007-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி ஒரு சவால் விட்டார். 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரண கேபிளிலிருந்து காதால் மட்டும் பிரித்துச் சொன்னால் 10 லட்சம் டாலர் பரிசு. கடைசிவரை அந்த டெஸ்ட் நடக்கவே இல்லை. எனவே அதை எந்தப் பக்கத்துக்கும் வெற்றியாக எழுத முடியாது.

"அவசரமாக் கேட்டா தெரியாது, வாரக்கணக்கில் கேட்கணும்" என்பார்கள். தாராளமாகக் கேளுங்கள். ஒரு கேபிளுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். எது மாட்டியிருக்கிறது என்பது மட்டும் தெரியக்கூடாது.

வித்தியாசம் கேட்குது என்கிறவனைக் கிண்டல் பண்ணாதீங்க. எனக்கும் கேட்டது. நான் பொய் சொல்லலை. விலை தெரிந்த மூளை அப்படிக் கேட்க வைத்தது. அதனால்தான் சொல்கிறேன், காசு கொடுப்பதற்கு முன் டெஸ்ட் பண்ணுங்க. மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்க. அங்கே வித்தியாசம் நிஜமாகவே கேட்கும்.

நம்பாதவங்க எங்க ரூமுக்கு வாங்க. கேபிள் இருக்கு, போர்வையும் இருக்கு.